கோதையாற்றில் டிரவுட் ஏன் வாழாது?

கோதையாற்றின் மேல்பகுதியில் பாறைக்குப் பாறை தாவி இறங்கும் நீரையோ, கீரிப்பாறைக்கு அப்பால் காளிகேசத்தில் கூழாங்கற்களின் மேல் கண்ணாடிபோல் ஓடும் நீரையோ பார்த்தவர்களுக்கு, அதிலும் வெளிநாட்டுத் தூண்டில் காணொளிகளைப் பார்த்துப் பழகிய இளைஞர்களுக்கு, ஒரு கேள்வி இயல்பாக எழுகிறது. இதே போன்ற ஓடையில்தான் அங்கே டிரவுட் பிடிக்கிறார்கள். நீலகிரியிலும் மூணாற்றிலும் அந்த மீன் இருக்கிறது. அப்படியிருக்கக் குமரி மாவட்டத்து மலை ஓடைகளில் மட்டும் அது ஏன் இல்லை? யாரும் கொண்டுவந்து விடாததுதான் காரணம் என்பது பலருடைய எண்ணம். நம் ஓடைகள் கெட்டுப்போய்விட்டன என்பது வேறு சிலருடைய எண்ணம். இரண்டுமே சரியல்ல.

டிரவுட் என்பது சால்மன் குடும்பத்து மீன். நம் நாட்டில் பேசப்படும் டிரவுட்டுகள் இரண்டு. பழுப்பு டிரவுட்டின் தாயகம் ஐரோப்பாவும் மேற்காசியாவும். வானவில் டிரவுட்டின் தாயகம் வட அமெரிக்காவின் பசிபிக் கரையும் ரஷ்யாவின் கம்சாத்கா பகுதியும். இரண்டுமே குளிர்நீருக்கென்று அமைந்த உடல் கொண்டவை. நீரின் வெப்பம் ஏறத்தாழ 10 முதல் 17 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது நன்றாக மேய்ந்து வளரும். 20 டிகிரியைத் தாண்டினால் இரை எடுப்பது குறைந்து சோர்ந்துபோகும். 25 டிகிரியை நெருங்கி அங்கேயே நின்றால் மடியத் தொடங்கும். வளர்ந்த மீனைக் காட்டிலும் முட்டைக்குக் குளிர் இன்னும் கட்டாயம். வானவில் டிரவுட்டின் முட்டை, 10 டிகிரி நீரில் கூழாங்கற்களின் இடுக்கில் கிடந்து பொரிப்பதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். நீர் 15 டிகிரிக்கு மேல் போனால் கரு சிதைவது கூடிக்கொண்டே போகும். ஆகையால் ஓர் ஓடை டிரவுட்டுக்கு ஏற்றதா என்று அறிய விரும்புபவர், பெரிய மீன் அங்கே உயிரோடு நிற்குமா என்று கேட்பதைவிட, அதன் முட்டை அங்கே பொரிக்குமா என்று கேட்பதே பொருத்தம்.

இனி நம் மலைக்கு வருவோம். நாகர்கோவிலின் ஆண்டுச் சராசரி வெப்பம் 27, 28 டிகிரி அளவில் இருக்கிறது. மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. மண்ணுக்குள் ஊறி ஓடைக்கு வரும் நீரின் வெப்பம், அந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பேச்சிப்பாறைக்கு மேலே முத்துக்குழிவயல் போன்ற 1300 மீட்டர் உயரத்துப் பகுதிகளில்கூட ஓடைநீர் 20 டிகிரி அளவில்தான் நிற்கும் என்று தெரிகிறது. மாவட்டத்தின் வடகிழக்கு எல்லையில் நிற்கும் மகேந்திரகிரி 1600 மீட்டரைத் தாண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது ஒரு சிகரம், பீடபூமி அல்ல. அங்கே பிறக்கும் நீர் சில கிலோமீட்டருக்குள் பரளியாற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கிவிடுகிறது. குளிர்ந்த உயரத்தில் நின்று, வளைந்து, கயம் கட்டி ஓடுவதற்கு அதற்கு இடமே இல்லை. நீலகிரியின் அவலாஞ்சியோ 2000 மீட்டரை ஒட்டியது. அதே கணக்கை அங்கே போட்டால் 15 டிகிரி வருகிறது. டிரவுட் அங்கே வாழ்வதற்கும் இங்கே வாழாததற்கும் இந்த ஐந்து டிகிரிதான் வேறுபாடு.

நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால்தான் இப்படி என்று சொல்பவர்களும் உண்டு. நமக்கும் தெற்கே, ஏழாவது அகலக்கோட்டை ஒட்டியிருக்கும் இலங்கையின் நுவரெலியாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே டிரவுட் விடப்பட்டது. ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் அது நிலைகொண்டது. நிலநடுக்கோடு கடந்துசெல்லும் கென்யாவிலேயே 1905இல் அபர்டேர் மலையில் பிறக்கும் குரா ஆற்றில் பழுப்பு டிரவுட் விடப்பட்டு, இன்றும் தூண்டிலில் சிக்குகிறது. ஆக, அகலக்கோடு பெரிய தடையல்ல. உயரம் இருந்தால் எந்த அகலக்கோட்டிலும் குளிர் கிடைக்கும். நமக்கு இல்லாதது அந்த உயரம்.

நீலகிரியில் இந்த மீன் எளிதில் வேரூன்றிவிடவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1863இல் எடுத்த முதல் முயற்சி தோற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வில்சன் என்ற அதிகாரியின் முயற்சியில் வானவில் டிரவுட் அங்கே நிலைத்தது. அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் அமைந்தது. பொரிப்பகம் என்ற சொல் பெரிய தொழிற்சாலையை நினைவூட்டலாம். செய்யப்படும் வேலையோ மிகவும் கைநுட்பமானது. சினையுற்ற பெண்மீனை ஈரத்துணியில் பிடித்து, வயிற்றை மேலிருந்து கீழாக மெல்ல வருடினால், பட்டாணியிலும் சற்றுச் சிறிய ஆரஞ்சு நிற முட்டைகள் வட்டிலில் சரசரவென்று விழும். ஆண்மீனின் விந்துநீரை அதன் மேல் பிழிந்து, பறவை இறகால் கிளறிவிட்டு, பிறகே நீர் சேர்ப்பார்கள். அதன்பின் வாரக்கணக்கில் குளிர்ந்த நீர் இடைவிடாமல் ஓடும் தட்டுகளில் முட்டைகள் கிடக்கும். வெளுத்துச் செத்த முட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்காவிட்டால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டையும் அழியும். மூணாற்றை அடுத்த ராஜமலையிலும் இத்தகைய பொரிப்பகத்தின் துணையோடுதான் டிரவுட் காக்கப்பட்டது. தூண்டில்காரரின் பொழுதுபோக்குக்காக மனிதக் கை விடாமல் தாங்கிப்பிடித்த மீன் இது என்றால் மிகையாகாது.

தெளிந்த நீரில் ஆக்சிஜன் மிகுதி, குளிர்ந்த நீரில் இன்னும் மிகுதி, டிரவுட்டுக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும், அதனால்தான் அது குளிர்நீரில் வாழ்கிறது என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. இதில் பாதிதான் உண்மை. கடல்மட்டத்தில் 10 டிகிரி நீர் ஒரு லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 25 டிகிரியில் அது 8.3 மில்லிகிராமாகக் குறையும். இதுவரை சரி. ஆனால் மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் நீரில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது. 2000 மீட்டர் உயரத்தில் 15 டிகிரி நீரில் கரைந்து நிற்கக்கூடியது எட்டு மில்லிகிராம் அளவுதான். அதாவது அவலாஞ்சி ஓடையிலும், திற்பரப்பில் சுமார் 50 அடி உயரத்திலிருந்து விழுந்து நுரைக்கும் 25 டிகிரி நீரிலும் ஆக்சிஜன் ஏறக்குறைய ஒரே அளவுதான். வேறுபாடு மீனின் தேவையில் இருக்கிறது. மீனுக்கு உடல்வெப்பம் என்று தனியாக ஒன்று கிடையாது. நீர் பத்து டிகிரி சூடேறினால் அதன் உடலின் ஆக்சிஜன் செலவு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். வரவு அதே அளவில் நிற்கச் செலவு மட்டும் இரட்டிப்பாகும் குடும்பம் எப்படித் திண்டாடுமோ, வெதுவெதுப்பான நீரில் டிரவுட்டின் நிலையும் அப்படித்தான். நம் ஓடை ஆக்சிஜனில் ஏழையல்ல என்பதே இதன் பொருள்.

அணையின் அடிநீர் குளிர்ச்சியாக இருக்குமே, பேச்சிப்பாறையின் மதகுக்குக் கீழே விட்டுப் பார்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்மையில் விவரம் தெரிந்தவர்கள். அமெரிக்காவில் அர்கன்சாஸ் மாநிலத்தின் ஒயிட் ஆற்றில், 1951இல் புல் ஷோல்ஸ் அணை முடிந்தபின், முன்பு வெதுநீர் மீன்கள் வாழ்ந்த இடத்தில் டிரவுட் வளர்க்கப்பட்டுப் புகழ்பெற்ற தூண்டில் தலமாயிற்று. ஆனால் அங்கே கடுங்குளிர்காலம் உண்டு. குளிர்காலத்தில் குளிர்ந்து கனத்த நீர் அணையின் அடியில் படிந்து, கோடை முழுவதும் அங்கேயே தங்கி, அடிமதகு வழியே வெளியேறுகிறது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட நம் பேச்சிப்பாறை அணைக்கோ, 1950களில் எழுந்த பெருஞ்சாணி அணைக்கோ குளிர்காலம் என்ற ஒன்று கிடையாது. மார்கழியில் மேல்நீர் சற்றுக் குளிர்ந்தாலும் இருபதுகளில்தான் நிற்கும். அடியில் போய்ச் சேர்வதும் அதே நீர்தான். போதாக்குறைக்கு, வெப்பநாட்டு அணைகளின் அடியில் மட்கும் இலையும் சேறும் ஆக்சிஜனைக் குடித்துவிடுகின்றன. அடிநீரில் குளிரும் கிடைக்காது, மூச்சும் கிடைக்காது.

அப்படியானால் நம் ஓடைகளில் இருப்பவை எவை? மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் தோடு என்றும், கிழக்கே ஓடை, கால்வாய் என்றும் அழைக்கப்படும் இந்த நீர்வழிகளில், டிரவுட் செய்யும் வேலையைச் செய்வதற்கே ஒரு மீன் இருக்கிறது. பக்கவாட்டில் கருநீலப் பட்டைகள் வரிசையாக ஓடும், விரல்நீள, சாண்நீள ஓடைக்கெண்டை அது. முதல் மழைக்கு மறுநாள் மாலை, ஈசல் பறந்து சிறகுதிர்ந்து ஓடையில் விழும் நேரத்தில் கரையில் அமர்ந்து பார்த்தால், வேகநீரின் ஓரத்தில் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து நிற்கும் இந்த மீன்கள், ஒவ்வொரு ஈசலுக்கும் மேலெழுந்து, மூக்கால் நீரைத் தொட்டு, ஒரு வளையத்தை மட்டும் விட்டுவிட்டு மீண்டும் அதே இடத்துக்குத் திரும்புவதைக் காணலாம். ஐரோப்பிய ஓடையில் டிரவுட் இரை எடுப்பதும் இதே விதத்தில்தான். அதனால்தான் ஆங்கிலேயர் இந்தக் குடும்பத்து மீன்களுக்கு ‘மலை டிரவுட்’ என்று பெயர் வைத்தார்கள். இவை கெண்டை இனம். சால்மனோடு எந்த உறவும் இல்லை. கடலில் பிடிபடும் காலா மீனை ‘இந்தியச் சால்மன்’ என்று விற்பதும் அதே பழக்கத்தின் மிச்சம்தான். நம் ஊர்ப்பெயரை விட்டுவிட்டு, தம் நாட்டுக்கு ஏங்கிய ஆங்கிலேயர் வைத்த பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

வேகநீரில் பாறையோடு பாறையாகக் கிடக்கும் கல்லொட்டிக்கு மோவாயில் ஓர் உறிஞ்சுதட்டு உண்டு. அருவியின் அடியில்கூட அது அந்தத் தட்டால் கல்லைப் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். புழு கோத்த தூண்டிலைத் திரும்பியும் பார்க்காது. கயங்களில் பெரிய செதிலுடைய கெண்டைகள் நிற்கும். தோட்டின் கரைப் பொந்துகளில் ஆரலும் கெளுத்தியும் குறவையும் உண்டு. சமவெளிக்கு வந்து, சுசீந்திரம் வழியாகப் பழையாறு மணக்குடியில் கடலைச் சேரும் பாதையிலும், நாஞ்சில் நாட்டுக் குளங்களிலும் விரால்தான் அரசன். தேங்கிய வெதுநீரில் ஆக்சிஜன் இரவில் அற்றுப்போகும். அப்போது மற்ற மீன்கள் வாயைத் திறந்து திணறும். விராலோ மேலே வந்து காற்றை நேராகவே விழுங்கி, தலைக்குள் இருக்கும் தனி அறையில் வைத்துச் சுவாசித்துக்கொள்ளும். டிரவுட் குளிரைத் தேடிப் போய்த் தீர்த்துக்கொண்ட சிக்கலை, விரால் இருந்த இடத்திலேயே தீர்த்துக்கொண்டது.

டிரவுட்டின் ஆண்டு குளிரைக் கொண்டு நகர்கிறது. குளிர்காலத்தை ஒட்டி முட்டையிட்டு, நீர் சூடாகும்போது குஞ்சு மேயத் தொடங்கும். நம் மீன்களின் ஆண்டு மழையைக் கொண்டு நகர்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையையும் பெறும் மாவட்டம் இது. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு கலங்கிய புதுவெள்ளம் தோட்டில் இறங்கியதும், கெண்டைகளும் கெளுத்திகளும் ஆற்றிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து வயலுக்கும் எதிரேறி வந்து முட்டையிடுகின்றன. வயிறு நிறையச் சினையோடு மீன் கரையோரம் வரும் அந்த இரண்டு மூன்று நாட்களில், வயல் மடையில் மீன்பிடிக் கூடு வைத்தும், வெட்டுகத்தியால் வெட்டியும், வீச்சுவலை எறிந்தும் அள்ளுவது நெடுங்காலப் பழக்கம். வாய்க்கால்களில் நீர் நிறைந்து, வயல்கள் பரந்து கிடந்த காலத்தில் அந்தப் பழக்கத்தை மீன் தாங்கியது. வயல்கள் வாழைத்தோட்டமாகவும் வீட்டுமனையாகவும் மாறிய பின், எதிரேற எஞ்சியிருக்கும் ஒற்றை மடையிலும் கூடு வைத்தால் அடுத்த ஆண்டுக்கு வித்து மிஞ்சாது. தூண்டிலால் ஓர் ஓடை காலியாவதில்லை. புதுவெள்ள நாட்களின் மடைக்கூடுதான் காலியாக்குகிறது என்பது என் எண்ணம்.

தூண்டில்முறையில் இங்கே ஆடம்பரம் எதுவும் இல்லை. ஈத்தைக் கழியின் நுனியில் தங்கூசி நரம்பு, சின்ன முள், அரிசி அளவு ஈயம், தக்கைக்கு முருங்கைக் கட்டையோ மயிலிறகுத் தண்டோ. ஓடைக்கெண்டைக்கு முசுறு முட்டை, கெளுத்திக்குக் கோழிக்குடல், மற்ற எல்லாவற்றுக்கும் மண்புழு. விராலுக்கு மட்டும் சிறு தவளை. விரால் தன் குஞ்சுகளைச் சிவந்த பந்துபோலத் திரட்டி மேய்த்துக் காவல் காக்கும். அந்தப் பந்தின் நடுவே தவளையைப் போட்டால், பசியில்லாவிட்டாலும் தாய்மீன் பாய்ந்து கடிக்கும். பிடிப்பவருக்கு எளிது, ஆனால் காவல் போனபின் அந்த நூற்றுக்கணக்கான குஞ்சுகளைச் சிலேபி என்ற வந்தேறி மீன் ஒரே பொழுதில் தீர்த்துவிடும். டிரவுட் ஓடைகளில் சினைக்காலத்தில் தூண்டிலைக் கட்டிவைக்கும் ஒழுங்கு உண்டு. சிறு மீனைத் திரும்ப விடும் ஒழுங்கும் உண்டு. நாம் அங்கிருந்து எதையாவது கொண்டுவர வேண்டுமென்றால் மீனைவிட அந்த ஒழுங்கையே கொண்டுவரலாம்.

மீனைக் கொண்டுவருவதில் நமக்குப் பழைய அனுபவம் இருக்கிறது. சிலேபி என்று நாம் அழைக்கும் மொசாம்பிக் திலேப்பியா 1952இல் இந்தியாவுக்கு வந்தது. குளத்தில் வளர்த்து ஏழைக்குப் புரதம் கிடைக்கச் செய்யும் நல்ல நோக்கத்தோடு வந்தது. இன்று மாவட்டத்தில் அது இல்லாத குளத்தைத் தேட வேண்டும். உலகின் மிக மோசமான நூறு படையெடுப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சார்பில் வெளியான பட்டியலில் இந்தச் சிலேபி இருக்கிறது. அதே பட்டியலில் பழுப்பு டிரவுட்டும் வானவில் டிரவுட்டும் இருக்கின்றன. குளிர்நீர் இல்லாததால் குமரி அந்த இரண்டிடமிருந்தும் தப்பியது என்றுகூடச் சொல்லலாம். மீன்தொட்டியில் வளர்த்து அலுத்தபின் வாய்க்காலில் விடப்படும் ‘டேங்க் கிளீனர்’ மீனிடமிருந்து நம்மைக் காக்க அப்படிப்பட்ட எல்லைக்கோடு எதுவும் இல்லை.

மலையில் தூண்டில் போட எண்ணுபவர்களுக்குச் சட்டநிலையையும் சொல்ல வேண்டும். பேச்சிப்பாறைக்கு மேலேயுள்ள காடுகளில் பெரும்பகுதி, சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே நுழையவோ எந்த உயிரினத்தையும் பிடிக்கவோ கூடாது. சரணாலயத்துக்கு வெளியேயும் நீரில் நஞ்சு கலந்தும் வெடி போட்டும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. காக்காய்க்கொல்லி விதையை இடித்துக் கலக்கிய காலம் போய், இப்போது பிளீச்சிங் பவுடர் வந்திருக்கிறது. ஒரு கயத்தில் அதைக் கொட்டினால் மிதக்கும் மீனில் கறிக்கு எடுப்பது நாலு கிலோ என்றால், கல்லடியில் சாகும் பூச்சிப்புழுக்களுக்குக் கணக்கே இல்லை. அந்தப் புழுக்கள்தான் ஓடைக்கெண்டைக்குச் சோறு.

வெப்பத்தைப் பற்றித் தொடங்கிய பேச்சு என்பதால் இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஓடையின் இரு கரையிலும் மரம் கவிந்திருக்கும் இடத்துக்கும், கரைமரத்தை வெட்டிவிட்டு ரப்பர் வைத்த இடத்துக்கும் நீரின் வெப்பம் ஒன்றாக இருக்காது. அதிலும் தையில் ரப்பர் இலையுதிர்க்கும் நாட்களில், நீர் குறைந்து பாறை வெயிலில் காயும்போது, ஓடையின் ஆழமில்லாத பகுதிகள் நண்பகலில் தொட்டாலே தெரியும் அளவுக்குச் சூடாவதைப் பார்க்கலாம். ஓடைக்கெண்டை வெதுநீர் மீன்தான். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த நாட்களில் அது மேட்டுநீரை விட்டு, கரையில் ஒரு நாவலோ ஒரு புன்னையோ மிஞ்சியிருக்கும் கயத்துக்குள் போய், மழை வரும்வரை நிழலில் கூட்டமாக நிற்கும். அந்த மரமும் போன ஓடைகளில் அதைப் பார்க்க முடிவதில்லை.